ஓடைப்புறத்துக்குப் போகாத தாம்பூலத் தட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் உரத்துப் பேசுகிறவன் இல்லை. இதுவும் உரத்துச் சொல்லும் கதை இல்லை.

அரசன் ஏரியைக் காத்தான், ஏரி அரசனைக் காத்தது என்று இருந்த பழங்காலத்தில், நெடுங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. மழவராயர் என்ற சிற்றரசர் அதை ஆண்டார். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரி நிறைந்தால் வயல் நிறையும், கிணறு நிறையும், குதிர் நிறையும். ஏரி வற்றினால் மூன்றும் வற்றும்.

ஏரிக்கரையின் தென்கோடியில், கரைக்கு மிகவும் தாழ்வாக, ஓர் ஓடை. ஓடையை ஒட்டிச் சில குடிசைகள். அந்த இடத்துக்கு ஓடைப்புறம் என்று பெயர். மண்வெட்டும் குடிகள் அங்கே இருந்தார்கள். கரை கட்டுவது, மதகில் சேறு எடுப்பது, கரை உடைந்தால் அடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் சுமப்பார்கள். கூலி அறுவடைக் களத்தில் கிடைக்கும், மற்ற எல்லாரும் அளந்துகொண்டு போன பிறகு.

பெருமழையில் ஏரி அடங்காமல் போனால் கரை எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊருக்கு நேராக உடைந்தால் ஊரே இல்லை. ஆகவே தானாக உடைவதற்கு முன்னால் ஓரிடத்தில் தாங்களே வெட்டிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வெட்டுவாய் என்று பெயர். வெட்டுவாய் ஓடைப்புறத்துக்கு நேர் மேலே இருந்தது. வெட்டினால் ஊர் பிழைக்கும், ஓடைப்புறம் போகும். குடிசைதானே, மறுபடியும் கட்டிக்கொள்வார்கள் என்று ஊர் நினைத்தது.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஊருக்குப் பெரியவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ஓடைப்புறத்துக்கு நடந்து வந்து, "உங்கள் வாசலில் விடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். தட்டை வாங்குகிறவர் எதையாவது ஒன்றைக் கேட்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கொடுத்தவர் திரும்பக் கூடாது.

பிறகு பறை அறைவார்கள். முதல் அறைக்கு ஆடுமாடு மேடேறும். இரண்டாம் அறைக்குப் பிள்ளைகளும் கிழவர்களும் ஏறுவார்கள். மூன்றாம் அறைக்கு மற்றவர்கள். அதன் பின் ஓடைப்புறத்து ஆட்களே மண்வெட்டியை எடுத்துக் கரையை வெட்டுவார்கள். முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம், பிறகு ஓர் ஆள் அகலம். தண்ணீர் மெல்ல இறங்கும்.

மழை விட்டதும் அதே ஆட்கள் பனந்தடி நட்டு, விளார்க் குச்சிகளை இடையே பின்னி, களிமண் கொட்டி, இடுப்பளவு நீரில் நின்று வெட்டுவாயை அடைப்பார்கள். அடைக்கத் தாமதித்தால் ஏரி முழுவதும் ஓடை வழியாகப் போய்விடும். கோடைக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

இப்படி ஊரைக் காப்பாற்றத் தங்கள் வீட்டைத் தாங்களே மூழ்கடிக்கிற வேலை அவர்களுடையது.

அவர்களுக்குத் தலைவி சடைச்சி. வெட்டுவாய் அடைக்கும்போது ஒரு வருஷம் பனந்தடி சரிந்து அவள் புருஷன் செத்துப்போனான். அதிலிருந்து கூட்டத்தை அவள்தான் நடத்தினாள். அவளுக்கு ஒரே மகள், கொளஞ்சி. சிறு வயதில் வந்த காய்ச்சலில் கொளஞ்சிக்கு இரண்டு காலும் சூம்பிப்போயின. அவள் நடக்க மாட்டாள். ஆனால் கை ஓயாது, வாயும் ஓயாது. கூட்டத்துக்கு வேண்டிய மண்கூடைகளை எல்லாம் அவளே பின்னிக் கொடுத்தாள். பறை அறையும் போதெல்லாம் சடைச்சி மகளை முதுகில் தூக்கிக்கொண்டு மேடேறுவாள்.

"ஏம்மா, நான் என்ன மண்கூடையா, மழைக்கு மழை தூக்கிட்டு ஓடறதுக்கு?" என்பாள் கொளஞ்சி.

"மண்கூடை இவ்வளவு பேசாதுடி" என்பாள் தாய்.

ஓடைப்புறத்துக்குப் பக்கத்தில் பாறைமேடு என்று ஒரு மேட்டு நிலம் சும்மா கிடந்தது. ஆடு மேய்வதைத் தவிர அதனால் யாருக்கும் பயன் இல்லை. குடிசைகளை அங்கே போட்டுக்கொண்டால் எந்த வெள்ளமும் தொடாது. சடைச்சிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் வெள்ளம் வந்தது. மழவராயர் அப்போது பட்டத்துக்குப் புதியவர். கொட்டுகிற மழையில் செருப்பில்லாமல் தானே நடந்து வந்தார். தட்டை நீட்டினார். "உங்கள் வாசலில் விடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

சடைச்சி தட்டை வாங்கினாள். "ராசாவே, எங்களுக்குப் பாறைமேட்டுல குடியிருக்க எடம் வேணும்" என்று கேட்டாள்.

"தந்தேன்" என்றார் மழவராயர். "அறுவடை முடியட்டும், அளந்து விடுகிறேன்."

பறை மூன்று முறை முறையாக முழங்கியது. குடிசைகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. மழை விட்டதும் வெட்டுவாயை அடைத்தார்கள். ஏரி தங்கியது, பயிர் விளைந்தது, அறுவடையும் முடிந்தது.

சடைச்சி அரண்மனை வாசலுக்குப் போனாள். அரசர் வேட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடியும் போனாள். அரசர் விருந்தில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் முறை போனாள். எந்த நிலம், எந்தச் சடைச்சி என்று கேட்டார்கள்.

இரண்டாம் வெள்ளம் வந்தது. இந்த முறை அரசர் வரவில்லை. அரசருக்கு யோசனை சொல்லும் நெல் வணிகர் எட்டியப்பர் பல்லக்கில் வந்தார். பல்லக்கை விட்டு இறங்காமல் தட்டை நீட்டினார். வெற்றிலை வாடியிருந்தது.

"பாறைமேட்டுல எடம் வேணும்" என்றாள் சடைச்சி.

எட்டியப்பர் கெட்டிக்காரர். "அதைத்தான் அரசர் முன்பே தந்துவிட்டாரே. தந்த பொருளை மறுபடி கேட்க முறை இல்லையே, அம்மா" என்றார்.

சடைச்சி கொஞ்சம் நின்று யோசித்தாள். "அப்படீன்னா இதைக் கேக்கறேன். தந்தது எப்பக் கைக்கு வரும்?"

"தை பிறந்ததும்" என்றார் எட்டியப்பர். எந்த வருஷத்துத் தை என்று அவர் சொல்லவில்லை.

பல்லக்குத் தூக்கிகள் நனைகிறார்கள் என்று பறையை அவசரமாக அறையச் சொன்னார். முதல் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் நடுவே ஆட்டை அவிழ்க்கக்கூட நேரம் இல்லை. அந்த வெள்ளத்தில் ஓடைப்புறத்தில் மூன்று கிழவர்கள் போனார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டே வெட்டுவாயை அடைத்தார்கள்.

தை பிறந்தது. மேடு வரவில்லை.

அதன்பின் மழையே வரவில்லை. ஒரு வருஷம் பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. ஏரியில் கிடந்த கடைசித் தண்ணீரைத் தெருவுக்குத் தெரு முறை வைத்து விட்டார்கள். முதல் முறை அரண்மனைக்கு. அடுத்தது வணிகர் தெருவுக்கு. அப்படியே ஒவ்வொரு தெருவாக வந்து ஓடைப்புறத்தின் முறை வந்தபோது மதகில் சேறுதான் வந்தது. ஊர்க் கிணறுகளில் அவர்கள் வாளி இறங்கக் கூடாது என்று காவல் போட்டார்கள்.

அவர்கள் ஓடை மணலில் குழி பறித்தார்கள். ஊறுகிற நீரைக் கொட்டாங்குச்சியால் வழித்து வழித்துக் குடத்தில் விட வேண்டும். ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். நடக்க முடியாத கொளஞ்சி குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லார் குடத்துக்கும் வழித்து ஊற்றினாள்.

"இந்தத் தண்ணியா நம்ம வீட்டை அடிச்சிட்டுப் போச்சு? எவ்வளவு சாதுவா இருக்கு பாரு!" என்று சொல்லிச் சிரித்தாள். குடத்தோடு நின்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பும் நாளடைவில் நின்றது. கலங்கின நீரைக் குடித்துக் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முதலில் கன்று செத்தது, பிறகு தாய்ப்பசு, பிறகு பிள்ளைகள். ஊருக்குள்ளே பஞ்சம் என்றால் இரண்டு வேளைச் சோறு ஒரு வேளையானது என்று பொருள். ஓடைப்புறத்தில் பஞ்சம் என்றால் வீட்டில் ஆள் குறைந்தது என்று பொருள்.

அந்தப் பஞ்சத்தில் அரண்மனைக்கு நெல் கொடுத்தவர் எட்டியப்பர். அதற்கு ஈடாகப் பாறைமேட்டைக் கேட்டார். மழவராயர் கொடுத்துவிட்டார். எட்டியப்பர் மேடு முழுவதும் நெற்களஞ்சியம் கட்டினார்.

வெயிலில் ஏரிக்கரை பாளம் பாளமாக வெடித்தது. சடைச்சி மறுபடியும் அரண்மனைக்குப் போனாள். அரசர் நல்ல வேளையாக வாசலிலேயே இருந்தார்.

"ராசாவே, கரை வெடிச்சுக் கெடக்கு. எலி வேற வளை போட்டிருக்கு. மழைக்கு முன்ன கொத்தி மிதிச்சுக் கெட்டிப்படுத்தணும். கூலி வேணாம். வேலை செய்யற ஆளுக்குக் கூழும் குடிக்கத் தண்ணியும் குடுத்தாப் போதும்."

அரசர் எட்டியப்பரைப் பார்த்தார். எட்டியப்பர் சிரித்தார். "தண்ணீரே இல்லாத ஏரிக்குக் கரை எதற்கு அம்மா? மழை வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

மழை வந்தது.

ஐப்பசியில் தொடங்கியது. முதல் நாள் ஊரே தெருவில் நின்று நனைந்தது. இரண்டாம் நாள் ஏரிக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஏரி தளும்பியது. மழை விடவில்லை.

கரையின் வடகோடியில், ஊருக்கு நேர் மேலே, எலிவளை வழியாக நீர் பீறிட்டது. கைகால் உள்ளவர்கள் எல்லாரும் உடனே வர வேண்டும் என்று ஓடைப்புறத்துக்கு ஆள் வந்தது. ஆணும் பெண்ணும் மண்வெட்டியும் கூடையுமாகக் கிளம்பினார்கள். பிள்ளைகளும் கிழவர்களும் வீட்டில் இருந்தார்கள்.

சடைச்சி வாசலில் தயங்கினாள். "உன்னைத் தூக்கிட்டுப் போயி மேட்டோரமா விட்டுட்டுப் போகட்டுமா?"

"மேட்டுல களஞ்சியக் காவக்காரன் நிக்கிறான். போன வாரம் ஆட்டையே வெரட்டினான், என்னையா விடப்போறான்?" என்றாள் கொளஞ்சி. "பறை அடிக்காமயா வெட்டப்போறாங்க? அடிச்சதும் ஓடியா. போம்மா, அங்க ஊரு போயிடப்போவுது."

அதுவும் சரிதான் என்று சடைச்சி போனாள். பறை அடிக்காமல் வெட்டியதாக அவள் பாட்டன் காலத்திலும் இல்லை.

வடகோடியில் அவர்கள் மார்பளவு நீரில் நின்று ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று பீறிட்டது. அந்த நேரத்தில் அரண்மனையில் யோசனை நடந்தது. வெட்டுவாயை வெட்டியே ஆக வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். மழவராயர் தட்டு எடுத்துவரச் சொன்னார்.

"தட்டு வேண்டாம்" என்றார் எட்டியப்பர்.

"ஏன்?"

"தட்டை நீட்டினால் அவள் மேட்டைக் கேட்பாள். அதைக் களஞ்சியம் கட்ட எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?"

மழவராயர் தட்டுக்குப் போன ஆளைத் திரும்பக் கூப்பிட்டார். "பறையாவது அறையச் சொல்லுங்கள்" என்றார்.

"பறை கேட்டால் வடகோடியில் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்க ஓடுவார்கள். வடகோடி உடையும். ஊர் போய்விடும். ஓர் ஆளை அனுப்பி, ஓடைப்புறத்தில் இருப்பவர்களை ஓசையில்லாமல் மேடேறச் சொல்வோம். வெட்டுவதற்கு என் வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள்."

கேட்பதற்கு அது நியாயம் போலவே இருந்தது. அரசர் தலையை ஆட்டினார். ஆளை அனுப்பினார்கள். அவன் வாய்க்கால்வரை போனான். வாய்க்காலில் கழுத்தளவு நீர் ஓடியது. திரும்பி வந்து ஒரு மரத்தடியில் ஒதுங்கினான். சொல்லிவிட்டாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

வண்டிக்காரர்கள் வெட்டுவாய்க்குப் போனார்கள். சாண், முழம், ஆள் அகலம் என்ற முறை அவர்களுக்குத் தெரியாது. கரையில் வரிசையாக நின்று கடப்பாரையால் ஒரே நேரத்தில் நெம்பினார்கள். வெயிலில் வெடித்த கரை வீடு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நெம்பியவர்களில் இருவர் அதோடு போனார்கள்.

வடகோடியில் நின்ற ஊர்க்காரர்கள், "ஏரி இறங்குது! ஏரி இறங்குது!" என்று கைதட்டினார்கள். சடைச்சி தன் மார்பைப் பார்த்தாள். மார்பில் இருந்த நீர் இடுப்புக்கு வந்திருந்தது. இவ்வளவு வேகமாக ஏரி எப்போது இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கூடையைப் போட்டாள். ஓடினாள். அவள் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடைப்புறம் இருந்த இடத்தில் சிவப்பு நீர் மட்டும் சுழித்துக்கொண்டு போனது. ஒரு கூரையும் தெரியவில்லை. கூப்பிட்டார்கள். பதில் குரல் வரவில்லை.

வடகோடி தாங்கிவிட்டது. அன்று பிற்பகலில் மழையும் விட்டது. ஊர் பிழைத்தது. இனி வெட்டுவாயை அடைக்க வேண்டும்.

மழவராயர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பில்லாமல் தானே நடந்து வந்தார். வெற்றிலையோடு பட்டும் பொன்னும் வைத்திருந்தார். ஓடைப்புறத்தார் ஓடைக்கரை ஓரமாகக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். புதர் புதராக விலக்கிப் பார்த்தார்கள்.

"சடைச்சி, ஏரி ஓடுகிறது. வந்து அடைத்துக் கொடு. எது வேண்டுமானாலும் கேள்" என்றார்.

சடைச்சி தட்டைப் பார்க்கவில்லை. "புள்ளைங்களைத் தேடிட்டிருக்கோம் ராசாவே. கெடைச்சதும் வர்றோம்."

"அதற்குள் ஏரி காலியாகிவிடும்!"

"ஆமா" என்றாள். "நரி இழுக்கறதுக்குள்ள தேடணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குனிந்து அடுத்த புதரை விலக்கினாள்.

அரசர் ஊராரை அழைத்தார். நீங்களாவது அடையுங்கள் என்றார். பனந்தடியை எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நீரில் காலை வைத்தார்கள், இழுவையைப் பார்த்தார்கள், காலை எடுத்துக்கொண்டார்கள். எட்டியப்பர் ஆளுக்கு ஒரு மூட்டை நெல் தருகிறேன் என்றார். நெல்லுக்காக யாரும் இறங்கவில்லை.

ஓடைப்புறத்தார் முதல் நாள் தேடினார்கள். இரண்டாம் நாள் தேடினார்கள். கிடைத்தவர்களைக் கிடைத்த இடத்திலேயே புதைத்தார்கள். யார் பிள்ளை என்று அடையாளம் தெரியாதவர்களை எல்லாருமாகச் சேர்ந்து புதைத்தார்கள். மூன்றாம் நாள், ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில், ஒரு தாழம்புதரில் கொளஞ்சி கிடைத்தாள். மழைக்கு மழை தூக்கி ஓடிய உடம்பை, அதே முதுகில் ஏற்றிக்கொண்டு, சடைச்சி மேடான ஓர் இடம் தேடிப் போய்க் குழி வெட்டினாள்.

அதன்பின் சொன்னபடி வந்தார்கள். ஏரி அதற்குள் காலியாகிவிட்டது. நடுவில் சேற்றில் மீன்கள் துடித்தன, கொக்குகள் இறங்கியிருந்தன. ஓடைப்புறத்தார் பனந்தடி நட்டார்கள், விளார் பின்னினார்கள், களிமண் கொட்டி மிதித்தார்கள். காய்ந்த ஏரிக்கு ஒழுங்காக ஒரு கரையைக் கட்டி முடித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த மழவராயர், "தண்ணீர்தான் போய்விட்டதே, இப்போது ஏன் அடைக்கிறாய்?" என்று கேட்டார்.

"தொறந்து விட்டா அடுத்த மழைக்குக் கீழ இருக்கற ஊருக்கு இதே கதிதான். அங்கயும் ஓடையோரமா யாராச்சும் இருப்பாங்க" என்றாள் சடைச்சி.

அரசருக்குக் கண் கலங்கியது. "பாறைமேடு முழுவதையும் உனக்குத் தருகிறேன். களஞ்சியத்தை இன்றைக்கே இடிக்கச் சொல்கிறேன்" என்றார்.

"கேட்டப்ப எம் பொண்ணு இருந்தா. இப்ப அங்க யாரைக் கொண்டுபோயி வெப்பேன்?"

அவ்வளவுதான் அவள் சொன்னாள். ஓடைப்புறத்தார் கை கழுவவும் நீர் இல்லாமல், மண் கையோடு கிழக்கே நடந்தார்கள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

அந்த ஐப்பசிக்குப் பிறகு வானம் ஒரு தூறல்கூடப் போடவில்லை. மாசியில் கிணறுகள் வற்றின. பங்குனியில் ஊரார் ஓடை மணலில் குழி பறித்தார்கள். பட்டு உடுத்திய பெண்கள் கொட்டாங்குச்சியோடு மணலில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் முதலில் இறந்தவர்கள் நெசவாளர் தெருவிலும் வண்ணார் தெருவிலும் இருந்த பிள்ளைகள்தான். வெட்டுவாயைப் பற்றி அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எட்டியப்பரின் களஞ்சியங்கள் நிறைந்தே இருந்தன. ஒரு மரக்கால் நெல்லுக்கு ஒரு செம்பு நீர் கேட்டு ஆள் அனுப்பினார். வாங்க ஆள் இல்லை. நெல் இருந்தது, உலை வைக்க நீர் இல்லை. அவர் வீட்டில் பச்சரிசியை மென்றார்கள், நாக்கு உலர்ந்து விழுங்க முடியாமல் துப்பினார்கள்.

மழவராயர் கிழக்கே மூன்று ஊர்களுக்குத் தூது விட்டார். மூன்றாம் ஊரில் தூதன் ஓடைப்புறத்தாரைக் கண்டான். அவர்கள் அங்கே ஒரு குளத்துக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூதன் நெடுங்கரை என்று பேர் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மறுபடியும் மண்ணை அள்ளினார்கள்.

சித்திரை முடிவதற்குள் நெடுங்கரை வெறிச்சோடியது. முதலில் வண்டி உள்ளவர்கள் போனார்கள், பிறகு கால் உள்ளவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கடைசியாக மழவராயர் போனார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்த ஆள் இல்லை.

தன் ஆபத்தை எப்போதும் ஏழையின் வாசலிலேயே இறக்கிவைக்கிற ஊர், தன்னைக் காப்பாற்றும் கைகளைத் தானே இழந்து அழியும்.